அடுப்பை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

விறகு அடுப்பு வைத்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, அடுப்பின் தலைமேல் பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. மழைதான் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று கூரையைப் பார்த்தால் அங்கே பொட்டு ஈரம் இல்லை. அன்று இரவு அடுப்பு எரியும்போது நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, கீழே சூடான இரும்பில் விழுந்து சுர்ரென்று பொங்கிக் கருகியது. தாரும் பழைய ஒட்டடையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். இரண்டு நாள் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பெயர் கிரியோசோட். விறகுப் புகையில் இருக்கும் நீராவியும் எரியாமல் தப்பிய தார் ஆவியும் ஆறிப்போன குழாய்ச் சுவரில் பட்டு வியர்க்கிற சமாச்சாரம். அது உண்டானதற்கு என் ஈர விறகு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உள்ளுக்குள் இருக்க வேண்டியது வெளியே சொட்டியதற்குக் காரணம், குழாயை மாட்டியவர் அதைத் தலைகீழாக மாட்டியிருந்ததுதான்.

அடுப்புக் குழாய்த் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு முனை வழவழவென்றும் மறுமுனை மடிப்பு மடிப்பாகச் சுருக்கியும் இருக்கும். சுருக்கிய முனை அடுத்த துண்டுக்குள் நுழையும். புகை மேலே போகிறது, அதனால் சுருக்கிய முனை மேலே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கு வழியாகப் புகை கசியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறு. நன்றாக இழுக்கிற குழாய்க்குள் அழுத்தம் அறையை விடக் குறைவு, ஆகவே இடுக்கு இருந்தால் அறைக் காற்று உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே வராது. கீழே இறங்குவது திரவம் மட்டும்தான். சுருக்கிய முனை அடுப்பைப் பார்த்து இருந்தால் வழிகிற கிரியோசோட் குழாய்க்குள்ளேயே இறங்கி மறுபடி நெருப்பில் விழுந்து எரிந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை, சும்மா செருகி வைத்திருந்தார்! எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி மாட்ட எனக்கு ஒரு முழு சனிக்கிழமை ஆனது, அந்த வாரம் முழுக்கத் தும்மினால் கறுப்பாக வந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அடுப்பு வாங்கும்போது நாம் அடுப்பையே பார்க்கிறோம். கண்ணாடிக் கதவு, வார்ப்பிரும்பா தகடா, எத்தனை அறைக்குச் சூடு வரும் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். குழாயை "அதுவும் ஒன்று வேண்டுமே" என்று கடைசியில் வாங்குகிறோம். ஆனால் இந்த ஏற்பாட்டில் இன்ஜின் என்று ஒன்று இருந்தால் அது குழாய்தான். சாதாரண அடுப்பும் நல்ல குழாயும் இருந்தால் வீடு கதகதவென்று இருக்கும். விலை உயர்ந்த அடுப்பும் மட்டமான குழாயும் இருந்தால் கண் எரிச்சல்தான் மிச்சம்.

குழாய் எப்படி இழுக்கிறது? உள்ளே இருக்கும் சூடான வாயு வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றை விட எடை குறைவு, அதனால் எழும்புகிறது. அது எழும்ப, அதன் இடத்தை நிரப்ப அடுப்பின் காற்றுத் துளை வழியாகப் புதுக் காற்று உள்ளே வருகிறது, அந்தக் காற்றில்தான் விறகு எரிகிறது. உயரம் கூடினால் இழுவை கூடும், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் கூடினாலும் இழுவை கூடும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் இந்த இழுவை எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். பெரும்பாலான அடுப்புகள் எதிர்பார்ப்பது ஏறக்குறைய 12 பாஸ்கல். நம்மைச் சுற்றி இருக்கும் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அதாவது எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் மொத்தப் புகையும் வெளியே போகிறது. ஒரு வளைவு அதிகமாகப் போட்டாலோ, ஒரு மின்விசிறி எதிர்த்து இழுத்தாலோ அது கவிழ்ந்துவிடும்.

இதில் பெரிய மூளைகளே இடறியிருக்கிறார்கள். 1740-களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வடிவமைத்த அடுப்பில் புகை நேராக மேலே போகாமல் ஒரு தடுப்பைத் தாண்டிக் கீழே இறங்கி, அப்புறம்தான் புகைபோக்கிக்குள் ஏற வேண்டும். கூடுதலாகக் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கலாம் என்பது யோசனை. நெருப்பு நன்றாக எரிகிற வரை சரி, கொஞ்சம் தணிந்தால் புகைக்கு இறங்கி ஏறத் தெம்பு இருக்காது. பிறகு டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்பவர் அந்தக் கீழ்ப்பாதையை எடுத்துவிட்டு நேர்வழியாக மாற்றினார்.

ஆகவே குழாய் எவ்வளவு நேராகப் போகிறதோ அவ்வளவு நல்லது. அடுப்பின் தலையிலிருந்து கூரைக்கு மேலே வரை ஒரே கோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே தேர்ந்தெடுங்கள், அதற்காக அடுப்பை நீங்கள் நினைத்த இடத்திலிருந்து மூன்றடி நகர்த்த வேண்டி வந்தாலும் பரவாயில்லை. வளைத்தே ஆகவேண்டும் என்றால் 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கையாகப் போகிற பகுதி குட்டையாக இருக்கட்டும், அதுவும் ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏறட்டும். ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அது வழியாகக் குழாயை வெளியே நீட்டி விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே உயரமும் கிடையாது, இழுவையும் கிடையாது, காற்று எதிரே அடித்தால் புகை மொத்தமும் உங்கள் முகத்தில்.

உயரத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. அடுப்பிலிருந்து உச்சி வரை மொத்தம் 15 அடியாவது இருந்தால்தான் இழுவை ஒழுங்காக வரும் என்பது ஒன்று. இன்னொன்று கூரைக்கு மேலே: குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே நிற்க வேண்டும், அதோடு பக்கவாட்டில் 10 அடிக்குள் இருக்கும் கூரை முகடு, மாடிச் சுவர் எதுவாக இருந்தாலும் அதைவிட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். காற்று முகட்டைத் தாண்டி வரும்போது மறுபக்கம் சுழன்று கீழே அமுக்கும், அந்தச் சுழலுக்குள் குழாயின் வாய் இருந்தால் புகை திரும்பி வீட்டுக்குள் வரும். குழாயின் விட்டம் அடுப்பின் கழுத்து அளவே இருக்கட்டும், பல அடுப்புகளில் அது 6 அங்குலம். சிறிசாக்கினால் மூச்சு முட்டும். பழைய செங்கல் புகைபோக்கி இருக்கிறதே என்று அந்தப் பெரிய பொந்துக்குள் அப்படியே விட்டால் புகை நிதானமாகப் பரவி, ஆறி, சுவரெல்லாம் தார் பூசும். உள்ளே சரியான அளவில் ஒரு ஸ்டெயின்லெஸ் குழாயை இறக்குவதுதான் முறை. இன்னொரு அடுப்பையோ வாட்டர் ஹீட்டரையோ அதே குழாயில் சேர்க்கவே கூடாது.

வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஏறும் குழாய் பார்க்க அழகு, குழாய்க்கு அது தண்டனை. இரவெல்லாம் குளிரில் நின்று, உள்ளே இருக்கும் காற்று கனத்துப்போய் ஒரு மூடி மாதிரி கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். காலையில் தீ மூட்டினால் புகை அறைக்குள்தான் வரும். வீட்டுக்குள்ளேயே ஏறி உச்சியில் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிற குழாய் எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதால் உடனே இழுக்கும். வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் இரட்டைச் சுவருக்கு நடுவே வெப்பக்காப்பு வைத்த புகைபோக்கிக் குழாயே போடுங்கள். அறைக்குள் போடுகிற ஒற்றைத் தகடு குழாய் சுவரையோ தளத்தையோ கூரையையோ தாண்டவே கூடாது. அதன் எல்லை அறை. அதைத் தாண்டினால் வேறு குழாய், வேறு கணக்கு. துத்தநாகம் பூசிய தகட்டுக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், சூடேறினால் அதிலிருந்து வரும் புகை நஞ்சு.

அடுத்தது சுவர். நான் பார்த்தவரை எல்லாரும் தப்புச் செய்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சோதித்துச் சான்று பெற்ற அடுப்பு என்றால் அதன் பின்புறம் ஒரு உலோகத் தகட்டில் பின்சுவருக்கு இவ்வளவு, பக்கச்சுவருக்கு இவ்வளவு, மூலைக்கு இவ்வளவு, தரைக்கு இன்னது என்று பொறித்திருப்பார்கள். அதுதான் வேதம். தகடு இல்லாத பழைய அடுப்பாக இருந்தால் எரியக்கூடிய எதிலிருந்தும் 36 அங்குலம் தள்ளி, ஒற்றைத் தகடு குழாய்க்கு 18 அங்குலம் தள்ளி என்று கணக்கு. இந்த எண்களெல்லாம் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்எஃப்பிஏ 211-லிருந்து வருபவை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கறாராக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

"எங்கள் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம், அது எரியாதே" என்பார்கள். டைல்ஸ் எரியாதுதான். ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஜிப்சம் போர்டு, அதற்குப் பின்னால் மரச்சட்டம். டைல்ஸ் சூட்டைத் தடுப்பதில்லை, வாங்கிப் பின்னால் தள்ளிவிடுகிறது. மரம் வருஷக்கணக்கில் இப்படி மெல்ல மெல்ல வாடினால் உள்ளுக்குள் கரியாகிக்கொண்டே வரும். கரியான மரம் புது மரத்தை விட எவ்வளவோ குறைந்த சூட்டில் பற்றும். பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதியாக இருப்பவருக்குப் பதினோராவது வருஷம் சுவருக்குள்ளிருந்து புகை வருவது இதனால்தான். பக்கத்தில் அடுப்பு அணைந்துகூட இருக்கலாம்.

சுவருக்கு நெருக்கமாக வைக்க வேண்டும் என்றால் உலோகத் தகட்டில் ஒரு கேடயம் போடலாம். அதிலும் சூட்சுமம் தகட்டில் இல்லை, தகட்டுக்குப் பின்னால் விடுகிற இடைவெளியில் இருக்கிறது. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு அங்குலம், நடுவில் முட்டுக்கொடுப்பது எரியாத பொருளாக, அடியிலும் தலைப்பிலும் திறந்தபடி. அடியில் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடேறி, தலைப்பு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சுவர் அதிகம் சூடேறாது. இப்படி ஒழுங்காகப் போட்ட கேடயம் இருந்தால் அந்த 36 அங்குலத்தை 12 வரை குறைக்க அனுமதி உண்டு. அடியை அழகுக்காக அடைத்துவிட்டீர்கள் என்றால் வெறும் தகடு சாத்திய சுவர்தான் அது. எங்கள் வீட்டில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது கேடயத்தைத் தொட முடியாது, கையை அதற்குப் பின்னால் விட்டுச் சுவரைத் தொட்டால் சும்மா வெதுவெதுப்புதான். கையை வைத்துப் பொறுக்க முடியாத அளவுக்கு உங்கள் சுவர் சுட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி அளவு நாடாவை எடுங்கள்.

தரைக்கும் இதே மாதிரி எரியாத பலகை வேண்டும், கதவு திறக்கிற பக்கம் 18 அங்குலமாவது நீண்டிருக்கட்டும், ஏனென்றால் கங்கு குதிப்பது அந்தப் பக்கம்தான்.

கூரைக்குக் கீழே, பரண் பகுதியில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பக்காப்புப் புகைபோக்கிக்கும் கூரை மரத்துக்கும் நடுவே 2 அங்குலம் காலியாக விட்டிருந்தது. அது வழியாகக் குளிர்காற்று இறங்குகிறதே என்று நான் கண்ணாடிப் பஞ்சைக் கைநிறைய எடுத்துச் சுற்றித் திணித்துவிட்டேன். பஞ்சு எரியாதே என்பது என் வாதம். பஞ்சு எரியாதுதான், ஆனால் குழாயின் வெளிச்சுவர் காற்றில் ஆறிக்கொண்டிருந்ததை நான் கம்பளி போர்த்தி நிறுத்திவிட்டேன், அந்தச் சூடு போவதற்கு மரத்தைத் தவிர வேறு இடம் இல்லை. ஒரு பழைய கையேட்டைப் புரட்டும்போது இது கண்ணில் பட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஓடினேன். அந்த 2 அங்குலம் காலியாகவே இருக்க வேண்டும். பஞ்சு சரிந்து விழாமல் இருக்கக் குழாயைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் விற்கிறார்கள், அதைப் போட்டாயிற்று.

சரி, காற்று. குழாய் வழியாக எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். பழைய வீடுகளில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு என்று தானாக வந்துவிடும். இப்போது கட்டுகிற வீடுகள் டப்பா மாதிரி இறுக்கம். அதில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அது வீட்டுக் காற்றை உறிஞ்சும், அடைந்த வீட்டில் காற்று வர ஒரே வழி புகைபோக்கிதான் என்றாகி, அந்த 12 பாஸ்கல் தோற்றுப் புகை தலைகீழாகத் திரும்பும். அடுப்புக்கு வெளியிலிருந்து நேராகக் காற்று கொடுக்கத் தனிக் குழாய் வைக்கலாம். அது இல்லாதவர்கள் அடுப்பு எரிகிறபோது எக்ஸாஸ்ட் போட்டால் ஒரு ஜன்னலையாவது இரண்டு விரல் திறந்து வையுங்கள்.

புகை கண்ணுக்குத் தெரிகிறவரை நல்லது, இருமிக்கொண்டே எழுந்து ஜன்னலைத் திறப்போம். பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடுக்குத்தான். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் சளி பிடித்திருக்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம், அங்கேதான் ஆள் போவது. ஆபத்தான நேரம் தீ ஜோராக எரிகிறபோது அல்ல, இரவில் ஜுவாலை அடங்கி வெறும் தணலாகக் கிடக்கும்போது. தணலில் புகை இருக்காது, கார்பன் மோனாக்சைடு நிறைய இருக்கும், குழாயும் ஆறிக்கொண்டிருப்பதால் இழுவை குறைந்திருக்கும். புகை அலாரம் இதற்கு வாயைத் திறக்காது. தனியாகக் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும், அடுப்பு இருக்கும் அறையில் ஒன்று, படுக்கையறை வாசலில் ஒன்று. இங்கிலாந்தில் 2010 முதல் புதிதாக விறகு அல்லது நிலக்கரி அடுப்பு வைக்கிறவர்கள் இதையும் வைத்தே ஆகவேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள். அலாரம் அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.

இப்போது என் ஈர விறகுக்கு வருகிறேன். வெட்டிய விறகைப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர்கூட இருக்கலாம், எரிப்பதற்கு அது 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பிளந்து, அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கத்தில் காற்றுப்பட வைத்தால் லேசான மரம் ஆறேழு மாதம், வன்மரம் ஒன்றிலிருந்து இரண்டு வருஷம். ஈரமானி என்று இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி கிடைக்கிறது. அதை விறகின் வெளிப்பக்கம் குத்திப் பார்த்துத் திருப்திப்பட்டவன் நான். 17 காட்டியது. அதே கட்டையை இரண்டாகப் பிளந்து உள்முகத்தில் குத்தினால் 31!

ஈர விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே தொலைக்கும், புகை ஆறிப்போய் குழாயில் ஏறும். குழாய்ச் சுவரின் சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தார் படிய ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்க எரியட்டும் என்று காற்றை முழுக்க அடைத்து விறகைப் புழுங்க விடுகிறவர்களுக்கும் இதே கதி. தார் படிவது முதலில் தூளாக, அப்புறம் மொறுமொறுவென்ற செதிலாக, கடைசியில் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று. அந்தக் கடைசி ரகம் பிரஷ்ஷுக்கு அசையாது. அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் சூடு 1000 டிகிரியைத் தாண்டும், ரயில் வருகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். அப்போது அடுப்புக் கதவையும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதுதான் வேலை. தண்ணீர் ஊற்றாதீர்கள், சுட்ட குழாய் விரிசல் விட்டுவிடும்.

கரி 3 மில்லிமீட்டர் கனம் படிந்தால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. ஒன்றும் படியாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. உச்சி மூடியின் வலையை முதலில் பாருங்கள், திடீரென்று புகை திரும்ப ஆரம்பித்தால் பாதி நேரம் அந்த வலை அடைத்துக்கொண்டிருக்கும். முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள். புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதியது 1775-ல்.

அடுப்புக் கதவு இறுக்கமாக மூட அதன் ஓரத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஆறின அடுப்பில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு மாற்ற வேண்டும்.

சாம்பல் கடைசி. அணைந்த சாம்பல் என்று நாம் நினைப்பதற்குள் கங்கு மூன்று நான்கு நாள் உயிரோடு இருக்கும். இரும்பு வாளி, இறுக்கமான இரும்பு மூடி, வீட்டுக்கு வெளியே கல் மேல். மரப்பலகைத் தாழ்வாரத்தில் இல்லை, அட்டைப்பெட்டியில் சத்தியமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அள்ளி வைத்த வாளியைப் புதன்கிழமை செடிக்குப் போடலாம் என்று திறந்து குச்சியால் கிளறினேன், அடியில் சிவப்பாக ஒரு கண் விழித்துப் பார்த்தது. மறுபடி மூடி வைத்திருக்கிறேன்.